மார்வெனின் சொனாட்டாவும் என் தலையும்

மெல்லிசைக் குழுவோடு டொரொன்டோ போன எல்லோரும் நிகழ்ச்சி முடிந்ததும் சென்னைக்கு விமானம் ஏறிவிட்டார்கள். நான் மட்டும் மொன்ட்ரியாலுக்கு பஸ் ஏறினேன். ஏன் என்று கேட்டவர்களிடம், "அங்கே ஒரு பியானோ கச்சேரியில் எனக்கு வேலை இருக்கிறது" என்றேன். அது பொய் இல்லை. வாசிப்பவருக்குப் பக்கத்தில் நின்று இசைக்குறிப்புத் தாளைத் திருப்பிக் கொடுப்பதும் வேலைதான். எங்கள் டிரம்ஸ்காரர் மட்டும் விடவில்லை. "அதுக்கு ஒரு டேபிள் ஃபேன் போதாதாண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். கோடம்பாக்கத்தில் நான் நொட்டேஷன் எழுதுகிறவன். இசையமைப்பாளர் கிறுக்கிக் கொடுப்பதை வயலின்காரர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தாளில் அழகாகப் பிரதி எடுத்துத் தருவேன். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. வயலின்காரர்கள் எல்லாரும் ஒரு பொத்தானுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். பொத்தானுக்கு யாரும் நொட்டேஷன் எழுதித் தரவேண்டியதில்லை. ஆகவே மெல்லிசைக் குழுவில் சேர்ந்து, கீபோர்டுக்காரருக்குத் தாள் எழுதி, மிச்ச நேரத்தில் மைக் ஒயர் சுற்றிக்கொண்டிருக்கிறேன். மேற்கத்திய இசைக்குறிப்பு எனக்கு நன்றாகப் படிக்க வரும், வாசிக்க வராது. சமையல் குறிப்பு படித்தே பசியாறுகிற ஜாதி.

மொன்ட்ரியாலுக்கு என்னை அழைத்தவள் ரெஜினா. எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு வந்து, ஒரு கான்வென்டின் மாலை வகுப்பில் என்னோடு படித்தவள். அங்கே நான் தியரியோடு நின்றுவிட்டேன். அவள் பியானோவின் கடைசிப் படிவரை ஏறிவிட்டு, கனடாவுக்கு வந்து, பகலில் ஒரு கார்டெரியில் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தாள். கார்டெரி என்றால் வேலைக்குப் போகும் பெற்றோர் குழந்தைகளை விட்டுச் செல்லும் காப்பகம். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பாள். அடுத்த சனிக்கிழமைக் கச்சேரி ஒழுங்காகப் போனால், செப்டம்பரிலிருந்து ஓர் இசைப் பள்ளியில் அவளுக்கு பியானோ வகுப்பு. பள்ளியின் இயக்குநரே வந்து உட்கார்ந்து கேட்கப்போகிறார். சரியாகப் போகாவிட்டால் மூக்கு. இதைத் தொலைபேசியில் அவள் சொன்ன அன்றிலிருந்தே எனக்குத் தூக்கம் போயிற்று. வாசிப்பது அவள். விழித்துக்கிடந்தது நான்.

பஸ் நிலையத்துக்கு ரெஜினாவின் கணவர் நாயகம் வேனோடு வந்திருந்தார். சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் கிடங்கில் வேலை. குரங்குக் குல்லாயும் இரண்டு ஸ்வெட்டரும் மஃப்ளருமாக நான் இறங்குவதைப் பார்த்துவிட்டு, அரைக்கைச் சட்டையோடு நின்றவர் வானத்தை ஒருதரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டார்.

"அண்ணை, இது மே மாசம். குளிர் எப்பவோ போட்டுது. நீங்கள் அதைத் தேடியோ வந்தனீங்கள்?"

"எதுக்கும் இருக்கட்டுமேன்னு..."

"ஓம் ஓம், இருக்கட்டும். வேனுக்குள்ள ஏசி போட்டுவிடுறன்."

பார்க் எக்ஸ்டென்ஷனில் அவர்கள் வீடு மேல்மாடியில் இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் மாடிப்படியை வீட்டுக்கு வெளியே, இரும்பில், வளைத்து வைத்திருக்கிறார்கள். பனிக்காலத்தில் வழுக்கி விழ விரும்புகிறவர்கள் கதவைத் திறக்கும் சிரமம்கூட இல்லாமல் விழலாம். மேலே புட்டும் நண்டுக்கறியும் காத்திருந்தன. நண்டு ஓட்டை நான் பல்லால் மல்லுக்கட்டுவதைப் பார்த்த நாயகம் ஒரு குறடு எடுத்துவந்து கொடுத்தார். "கடதாசி திருப்பிறதுக்கு இந்தியாவில இருந்து ஆள் எடுப்பிச்ச ஒரே குடும்பம் இந்த ஊரில நாங்கள்தான். விரலுக்கு ஒண்டும் நடந்திடக் கூடாது" என்றார்.

சாப்பிட்டதும் ரெஜினா தாள்களை மேசையில் பரப்பினாள்.

இந்த இடத்தில் தெயோஃபில் மார்வென் என்ற மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ரொமான்டிக் யுகத்து பியானோக்காரர், இசையமைப்பாளர். நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். நானும்தான். அவருடைய ஊர்க்காரர்களும் கேள்விப்படவில்லை என்பதுதான் அவருடைய விசேஷம். பிரான்சில் பிறந்து கடைசிக் காலத்தை மொன்ட்ரியாலில் கழித்த அவர் ஒரே ஒரு பெரிய சொனாட்டா, அதாவது பியானோவுக்கான மூன்று பகுதி உருப்படி, எழுதினார். அவர் கையெழுத்துப் பிரதி வீட்டில் தீப்பிடித்தபோது போய்விட்டது. ஆனால் அவருடைய மாணவி ஒருத்தி கன்னியாஸ்திரியாகிச் சென்னைக்கு வந்தபோது அதைத் தன் கையால் பிரதி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். எங்கள் கான்வென்டின் அலமாரியில் பூச்சிக்கும் புழுக்கத்துக்கும் தப்பிக் கிடந்தது அதுதான். கனடாவுக்குக் கிளம்புமுன் ரெஜினா அதை ஜெராக்ஸ் எடுத்தாள். அன்று மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். ஆக, எனக்கும் மார்வெனுக்கும் பழைய சம்பந்தம்.

அந்தக் கன்னியாஸ்திரி சிக்கனக்காரி. திரும்ப வருகிற பகுதியை இரண்டாம் தடவை எழுதித் தாளை வீணாக்க அவளுக்கு மனம் வரவில்லை. அந்தப் பகுதியின் தொடக்கத்தில் ஒரு சிலுவைக் குறி போட்டு, திரும்ப வரும் இடத்தில் 'அங்கே போ' என்று விட்டுவிட்டாள். போய் வாசித்தால் ஒரு நட்சத்திரம். 'இங்கிருந்து முடிவுப் பகுதிக்குத் தாண்டு.' நாங்களும் கோடம்பாக்கத்தில் 'பல்லவிக்குப் போ' என்றுதான் எழுதுவோம். ஆனால் எங்கள் பல்லவி பக்கத்திலேயே இருக்கும். இவளுடைய சிலுவை நாலைந்து தாளுக்கு முன்னால் இருந்தது. அதாவது வாசித்துக்கொண்டிருக்கும்போதே நான் தாள்களைப் பின்னால் புரட்ட வேண்டும். பிறகு அதே வேகத்தில் முன்னால் புரட்ட வேண்டும். ஒரு தாளைக் கூடுதலாகத் திருப்பினால் ரெஜினாவின் செப்டம்பர் போய்விடும்.

"நான் புதுசா அழகா எழுதித் தந்துடறேனே ரெஜினா. ரெண்டு நாள் வேலை. எங்கேயும் தாண்ட வேண்டாம்."

"வேண்டாம் அண்ணை. எனக்கு இந்தக் கடதாசியிலதான் கண் பழகிப்போச்சு. புதுக் கடதாசியைக் கண்டா கை நிண்டிடும். நீங்கள் பயப்பிடாதேங்கோ."

"நானா? பயமா?" என்று சொல்லும்போது கையிலிருந்த தண்ணீர் மார்வென்மேல் சிந்தப் பார்த்தது. நாயகம் மேசையைத் தள்ளி இழுத்துக் காப்பாற்றினார்.

மறுநாள் ஞாயிறு, பூசைக்குப் போனோம். யாழ்ப்பாணமும் மன்னாரும் கலந்து நிறைந்த கோயில். பூசை முடிந்து வெளியே நின்றபோது, "இவர் கோபால் அண்ணை, இந்தியாவில இருந்து வந்த இசைக்காரர்" என்று நாயகம் என்னை எல்லாருக்கும் அறிமுகப்படுத்தினார். பட்டுச்சேலை கட்டிய ஓர் அம்மா ஆர்வத்தோடு கேட்டார்.

"என்ன தம்பி வாசிக்கிறனீங்கள்?"

"வாசிக்கலைங்க. தாள் திருப்புறேன்."

அம்மா கொஞ்சம் யோசித்தார். "அதுக்கும் விசா குடுக்கினமோ?"

திங்கட்கிழமை எல்லாரும் வேலைக்குப் போய்விட, கச்சேரி நடக்கும் அரங்கைத் தனியாகப் போய்ப் பார்த்துவருவேன் என்று வீரம் பேசினேன். முதலில் மெட்ரோ. அந்த ஊர் மெட்ரோ கிளம்பும்போது மூன்று சுரம் பாடுகிறது. கீழ்ப் பஞ்சமம், ஷட்ஜம், மேல் பஞ்சமம். சுருதி சுத்தம். சென்னையில் எங்கள் மின்சார ரயில் கிளம்பும்போது தொங்குகிறவர்கள்தான் குரல் கொடுப்பார்கள். அந்த மூன்று சுரத்தை ஒவ்வொரு நிலையத்திலும் சரிபார்த்துக்கொண்டே போனதில் இறங்கவேண்டிய இடம் எப்போதோ போயிருந்தது. வெளியே வந்து, விட்டதைப் பிடிக்க ஒரு பஸ் ஏறினேன். ஓட்டுநர் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். புரியவில்லை. புரியாதபோது நம் ஊர்க்காரன் என்ன செய்வான்? மரியாதையாகத் தலையாட்டினேன். அவரும் திருப்தியாகத் தலையாட்டினார்.

நம் தலையாட்டல் ஒரு தனி ரகம். மேலும் கீழும் போனால் ஆம், பக்கவாட்டில் போனால் இல்லை என்று உலகம் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. நாம் தலையைத் தோளுக்குத் தோள் ஊஞ்சலாக விட்டு, நடுவில் ஒரு சுழி சுழித்து, 'கேட்கிறேன், சொல்லுங்கள், பார்க்கலாம்' எல்லாவற்றையும் அதிலேயே முடித்துவிடுவோம். வெளியூர்க்காரர்கள் பார்க்கும்போது அதில் ஓர் 'ஆம்' கட்டாயம் தெரிகிறது.

பஸ் போய்க்கொண்டே இருந்தது. ஆட்கள் குறைந்தார்கள். கடைசியில் நானும், மளிகைப் பைகளோடு ஒரு ஹெயிட்டி நாட்டுப் பெண்மணியும்தான். இறங்கும்போது அந்தப் பெண்மணி ஆங்கிலத்தில் கேட்டார்: "இந்த மொன்ட்ரியால்-நோர் பகுதியில் யார் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள்?"

"யார் வீட்டுக்கும் இல்லை. நான் நகரத்துக்குள் போகவேண்டும்."

"கடைசி நிறுத்தம் வரைக்குமா என்று அவர் கேட்டாரே. நீங்கள் ஆமென்று தலையாட்டினீர்களே."

ஓட்டுநரிடம் அவர் விஷயத்தைச் சொன்னார். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து முடித்தபின், ஓட்டுநர் அதே பஸ்ஸில் என்னைத் திரும்ப ஏற்றிக்கொண்டார். வீடு வந்து சேர்ந்து நடந்ததைச் சொன்னேன். அரங்கை மட்டும் பார்க்கவில்லை.

புதன்கிழமை ரெஜினா விடுப்பு எடுத்திருந்தாள். 'மார்வென் நண்பர்கள்' சங்கத்தின் தலைவர் முசியே லாப்ளாந்த் எங்களைச் சந்தித்தார். ஓய்வுபெற்ற பல் மருத்துவர். சங்கத்தில் மொத்தம் ஏழு பேர். அதில் இரண்டு பேர் அவருடைய சகோதரிகள். தொலைந்துபோன சொனாட்டா தன்னிடம் இருக்கிறது என்று ரெஜினா சொன்ன அன்று, அவர் கார்டெரி வாசலில் நின்று அழுதாராம். உள்ளே பிள்ளைகள் அழ, வெளியே அவர் அழ, அவருடைய மூக்கையும் துடைக்க வேண்டியதாகிவிட்டது என்றாள் ரெஜினா.

மார்வென் வாழ்ந்த வீட்டை அவர் காட்டினார். கீழே இப்போது ஒரு தெபனர். அதாவது நம் ஊர்ப் பெட்டிக்கடை கொஞ்சம் உப்பிப் பெரிதானால் எப்படியோ அப்படி. பீரும் பாலும் லாட்டரிச் சீட்டும் விற்கிறார்கள். அங்கே ஒரு பெயர்ப்பலகை வைக்கச் சங்கம் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. கடைக்காரர் மறுக்கவில்லை. "மார்வென் என்ன விற்கிற கம்பெனி?" என்றுதான் கேட்கிறாராம்.

பிறகு ஜான்-டலோன் சந்தை. அங்கே ஒரு கடையில் பெரணிச் செடியின் சுருண்ட இளந்தளிர்களைக் குவித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் அச்சாக வயலினின் தலைச்சுருள் மாதிரி. வேலையிழந்த எங்கள் வயலின்கள் எல்லாம் எங்கே போயின என்று அப்போதுதான் தெரிந்தது. இங்கே வதக்கி வெண்ணெய் போட்டுச் சாப்பிடுகிறார்கள்.

லாப்ளாந்த் எனக்கு பூட்டீன் வாங்கிக்கொடுத்தார். பொரித்த உருளைக்கிழங்கின்மேல் பால்கட்டித் துண்டங்களைப் போட்டு அதன் தலையில் சூடான குழம்பை ஊற்றுகிறார்கள். மொறுமொறுவென்று பொரித்ததை ஏன் நனைக்க வேண்டும் என்று கேட்க நினைத்தேன். பிறகு தயிர்வடை ஞாபகம் வந்ததால் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். சாப்பிடும்போது அவர் மார்வெனின் வாழ்க்கையைச் சொன்னார். ரெஜினா தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"ஆளுக்குப் பெரிய கையாம். மற்றவையளுக்கு எட்டாத இடமெல்லாம் எட்டுமாம். அதால அவர் எழுதினதை வேற ஒருத்தராலும் வாசிக்கேலாமப் போச்சாம்."

"பாரிஸ்ல பேர் வரலையா?"

"அங்க ஒவ்வொரு விருந்திலயும் பெரிய பெரிய ஆக்கள் வாசிச்ச பிறகுதான் இவரைக் கூப்பிடுவினமாம். அப்ப சனம் எல்லாம் சாப்பாட்டு மேசைக்குப் போயிடும். ஒருநாள் இவரும் பாதியில விட்டிட்டுச் சாப்பிடப் போயிட்டாராம். ஒருத்தரும் கவனிக்கேல்லையாம்."

ஒரு குளிர்காலத்துக்கு முன்னால் கச்சேரி செய்ய மொன்ட்ரியாலுக்கு வந்தவர் இங்கேயே மாட்டிக்கொண்டார். நதி உறைந்தது, கப்பல் நின்றது. நதி உருகி கப்பல் கிளம்பியபோது மரவியாபாரிகளின் மகள்கள் வரிசையாக அவரிடம் பியானோ கற்றுக்கொண்டிருந்தார்கள். வேளாவேளைக்கு இறைச்சிப் பணியாரம் வந்துகொண்டிருந்தது. மனிதர் கிளம்பவில்லை. பனிச்சறுக்கு வண்டி விருந்துகளுக்கு நடன இசை எழுதினார். தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தார். வயதான பின் யாரும் கேட்காமலே அந்த சொனாட்டாவை எழுதினார்.

நான் பார்த்தவரையில் அவர் செய்த பெரிய தவறு வேறு. அந்த யுகத்து இசைக்காரன் என்றால் முப்பது சொச்சத்தில் இருமி இருமிச் சாக வேண்டும், அல்லது பைத்தியம் பிடிக்க வேண்டும், குறைந்தபட்சம் ஒரு சீமாட்டியாவது கைவிட வேண்டும். மார்வென் மூன்றில் ஒன்றுகூடச் செய்யவில்லை. நன்றாகச் சாப்பிட்டு, பெருத்து, மனைவியோடு சண்டை சச்சரவில்லாமல் எண்பது தாண்டி வாழ்ந்து, ஒரு ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பின் நாற்காலியிலேயே போய்ச் சேர்ந்தார். அப்படிப்பட்டவரை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்?

"உவர் எங்கட ஆள்தான்" என்றாள் ரெஜினா, லாப்ளாந்தின் காதில் விழாமல்.

வியாழனும் வெள்ளியும் மாலையில் வீட்டு பியானோவில் ஒத்திகை. எல்லா பியானோக்காரர்களையும்போல, தான் தலையாட்டியதும் தாளைத் திருப்பச் சொன்னாள் ரெஜினா. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவளும் நம் பெண். தான் வாசிப்பது தனக்கே பிடித்துவிட்டால் தலை தானாக ஆடும். முதல் பக்கத்திலேயே அவள் மூன்று தரம் ஆடினாள், நான் மூன்று தாள் திருப்பினேன்.

"ஏன் அண்ணை திருப்பினனீங்கள்?"

"நீ ஆட்டினியே."

"நான் எப்ப ஆட்டினனான்?"

அறைக்குள் துணி மடித்துக்கொண்டிருந்த நாயகம், "ஆட்டினனீர், ஆட்டினனீர். நான் இங்க இருந்தே பாத்தனான்" என்றார்.

சரி, 'ம்' என்று குரல் கொடுப்பாள் என்று மாற்றினோம். கதை கேட்கிற குழந்தை மாதிரி வரிக்கு வரி 'ம்' கொட்டிக்கொண்டே வாசிக்கிறவள் அவள் என்பது அப்போதுதான் இருவருக்கும் தெரியவந்தது. கடைசியில், நானே தாளைப் பார்த்துப் பின்தொடர்ந்து நேரத்துக்குத் திருப்புவது என்று முடிவாயிற்று. ஒரே ஓர் அடையாளம் மட்டும். இரண்டாம் பகுதியில், அந்த மெதுவான பகுதியில், சிலுவைக்குத் திரும்பிப் போகும் இடமும் நட்சத்திரத்திலிருந்து முடிவுக்குத் தாண்டும் இடமும் வரும்போது அவள் கண் விசைப்பலகையைவிட்டு நகர முடியாது. அங்கெல்லாம் சரியான தாளை வைத்துவிட்டு நான் ஒருதரம் தலையாட்ட வேண்டும். கடைக்கண்ணில் அது தெரிந்தால் அவள் தாண்டுவாள்.

"ஒருக்காத்தான். விளங்குதோ? மற்ற நேரம் உங்கட தலை சுவர் மாதிரி நிக்கோணும்."

"சுவர்தான்" என்று தலையாட்டினேன்.

சனிக்கிழமை பிற்பகல். அரங்கு சிறியது. மார்வென் நண்பர்கள் ஏழு பேரும் கறுப்பு உடையில் இரண்டாம் வரிசையில் இருந்தார்கள். முதல் வரிசையிலும் மற்ற வரிசைகளிலும் எங்கள் சனம். நாயகம் வேனில் இத்தனை நடை, உறவினர் காரில் இத்தனை நடை என்று கோயில் ஆட்களை இறக்கிக்கொண்டே இருந்தார். பின்னால் ஒரு மேசையில் மட்டன் ரோல்ஸ் அடுக்கியிருந்தது. நடுவில், சங்கிலி கோர்த்த கண்ணாடியோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர் மதாம் த்ரூடெல், இசைப் பள்ளியின் இயக்குநர். சிரித்துப் பல வருடமானவர் மாதிரி தெரிந்தது. எனக்கு இரவல் கோட்டு. நாயகம் என்னைவிட இரண்டு சுற்று பெரியவராதலால் கோட்டுக்குள் நான் எங்கேயோ இருந்தேன். உள்ளங்கை வேர்வையில் தாள் ஒட்டிக்கொள்ளுமோ என்று வேட்டியில் துடைக்கப் போனேன். வேட்டி இல்லை, பேன்ட். அதுவும் இரவல்.

முதல் பகுதி சுத்தமாகப் போயிற்று. ரெஜினாவின் கை பெரிதல்ல. மார்வெனுக்கு எட்டிய இடங்களை அவள் தாவித் தாவிப் பிடித்தாள். முடிந்ததும் எங்கள் சனம் கைதட்டியது. சொனாட்டாவில் பகுதிகளுக்கு நடுவே தட்டக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். மார்வென் நண்பர்கள் ஏழு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அதை நன்றி என்று எடுத்துக்கொண்டு எங்கள் சனம் இன்னும் பலமாகத் தட்டியது.

இரண்டாம் பகுதி. சிலுவை வந்தது. புரட்டினேன். சரியான தாள். ஒருதரம் தலையாட்டினேன். அவள் பின்னால் போனாள். நட்சத்திரம் வந்தது. முன்னால் புரட்டினேன், ஆட்டினேன். அவள் முடிவுக்குத் தாண்டினாள். இனி தொல்லையில்லை, கடைசித் தாள். உலகமே என் கையில் பத்திரமாக இருப்பதுபோல மூச்சு விட்டேன்.

அங்கேதான் மார்வென் காத்திருந்தார். முடிவுப் பகுதியில் இடதுகை நின்றுபோய், வலதுகை மட்டும் ஒரு மெட்டைத் தனியாகச் சொல்கிறது. யாரும் கேட்காத விருந்துகளில் வாசித்து வாசித்துப் பழகிய மனிதன், இனி யாரும் கேட்காவிட்டாலும் சரி என்று தனக்கே சொல்லிக்கொள்வது மாதிரி. ஒத்திகையில் தாள் எண்ணுகிற பயத்தில் நான் அதைக் கேட்கவே இல்லை. இப்போது கேட்டுவிட்டேன். சுவர் ஆடியது. தோளுக்குத் தோள் ஊஞ்சல், நடுவில் ஒரு சுழி.

ரெஜினாவின் கடைக்கண்ணில் அது விழுந்தது. அண்ணை ஆட்டினால் தாண்ட வேண்டும் என்பதுதானே ஒப்பந்தம். அவள் ஒரு கணமும் யோசிக்காமல் சிலுவைக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

எனக்கு உடம்பு முழுவதும் ஜில்லென்றது. ஸ்வெட்டர்கள் வீட்டில் இருந்தன. கைகள் தாமாகவே தாள்களைப் பின்னால் புரட்டின. அவள் நிமிர்ந்து பார்த்தபோது தாள் சரியாக இருந்ததால் சந்தேகத்துக்கே இடமில்லாமல் வாசித்தாள். மறுபடி நட்சத்திரம் வந்தது. கடைசித் தாளைக் கொண்டுவந்து வைத்தேன். இப்போது நான் ஆட்ட வேண்டும். ஆனால் இந்தத் தலைதானே குடியைக் கெடுத்தது, இனி இது அசையவே கூடாது என்று கழுத்தைக் கல்லாக்கிக்கொண்டு நின்றேன். அடையாளம் வராததால் அவள் நட்சத்திரத்திலிருந்து முடிவுக்குத் தாண்டாமல் நேரே போனாள். மெதுவான பகுதியின் நடுப்பாகம் முழுதும் மறுபடி வந்தது; அதன் முடிவில் வேறு வழியில்லாமல் அவளாகவே சிலுவைக்குத் திரும்பினாள். மார்வென் வாழ்ந்த மாதிரியே அவருடைய சொனாட்டாவும் முடியாமல் நீண்டுகொண்டே போயிற்று. நான் தாள்களோடு பின்னால் ஓடினேன். ஒன்று பிசகித் தரையில் விழுந்தது. காலால் மிதித்து நிறுத்திக்கொண்டேன்.

மூன்றாம் முறை நட்சத்திரம் நெருங்கியபோது ரெஜினா உதட்டை அசைக்காமல் சொன்னாள்:

"தலையை ஆட்டுங்கோ."

நான் அசையவில்லை. பயத்தில் கழுத்து பிடித்துக்கொண்டுவிட்டது.

"ஐயோ அண்ணை, தலையை ஆட்டுங்கோவன்."

இது முன்வரிசைக்குக் கேட்டுவிட்டது. நல்ல சனம், சொன்னதைச் செய்கிற சனம். பட்டுச்சேலை அம்மா முதலில் ஆட்டினார். பக்கத்திலிருந்தவர் ஆட்டினார். வரிசை வரிசையாக அரங்கு முழுவதும் நெல்வயல் மாதிரி ஆடியது. அதைப் பார்த்துத்தான் என் கழுத்து இளகியது. ஆட்டினேன். அவள் முடிவுக்குத் தாண்டினாள். வலதுகை தனியாகப் பாடிய அந்த மெட்டுக்கு நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மூன்றாம் பகுதி எப்படிப் போயிற்று என்று என்னைக் கேட்காதீர்கள். தாள்கள் திரும்பியிருக்கின்றன, நான்தான் திருப்பியிருக்க வேண்டும்.

முடிந்ததும் எல்லாரும் ரோல்ஸ் மேசைக்கு நகர்ந்தார்கள். நான் திரைக்குப் பின்னால் ஒளிய இடம் பார்த்துக்கொண்டிருந்தபோது லாப்ளாந்த் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர். பிரெஞ்சில் நீளமாக ஏதோ கேட்டார். குரல் தழுதழுத்தது. பெரியவர் உருகும்போது முகத்தில் அடித்தாற்போல் நிற்க முடியுமா? தலையாட்டினேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டார்.

அவர் போனபின் ரெஜினா வந்தாள். "அவருக்கு என்ன சொன்னனீங்கள்?"

"ஒண்ணும் சொல்லலை."

"தலையாட்டினனீங்களோ?"

"கொஞ்சமா."

ரெஜினா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "மெட்ராஸ் பிரதியில அந்தப் பகுதி அப்பிடித் திரும்பத் திரும்ப வருதோ எண்டு கேட்டிருக்கிறார். நீங்கள் ஓம் எண்டிட்டீங்கள்."

அவள் தயங்கவே இல்லை. நேராக அவரிடம் போனாள். மதாம் த்ரூடெலும் அங்கேதான் நின்றிருந்தார். நான் பின்னாலேயே போனேன். கூடவே ஓட வாசல் எங்கே என்றும் பார்த்துக்கொண்டேன். ரெஜினா பிரெஞ்சில் சொன்னதைப் பிறகு எனக்கு மொழிபெயர்த்தாள். அது பிரதியில் இல்லை, எங்கள் இருவருடைய பிழை, இவர் தலை ஆடியது, நான் வழி தவறினேன். அவ்வளவுதான் சொல்லியிருக்கிறாள். செப்டம்பரைத் தன் கையாலேயே ஜன்னலுக்கு வெளியே எறிந்த மாதிரி இருந்தது.

லாப்ளாந்த் சிரித்தார். "கலைஞர்களின் அடக்கம். அவர் ஆமென்றதை நான் பார்த்தேன். அரங்கமே ஆமென்றது."

மதாம் த்ரூடெல் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டார். "வழி தவறியது தெரிந்ததும் ஏன் நிறுத்தவில்லை?"

"நான் கார்டெரியில் வேலை செய்கிறேன், மதாம். அங்கே ஒரு பிள்ளை அழுகிறதென்று பாட்டை நிறுத்தினால் மற்ற எல்லாப் பிள்ளைகளும் தொடங்கிவிடும்" என்றாளாம் ரெஜினா. "இன்றைக்கு எனக்குப் பக்கத்தில் ஒன்று அழத் தயாராக நின்றது."

மதாம் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒரு ரோல் எடுத்துக் கடித்தார். திங்கட்கிழமை சொல்வதாகச் சொல்லிவிட்டு இன்னொன்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நண்டுக்கறிகூட வாயைத் திறக்கவில்லை. நான் பாத்திரம் கழுவினேன், மாடிப்படியைப் பெருக்கினேன், யாரும் கேட்காமல் துணி மடித்தேன். "அண்ணை, இருங்கோ. பெருக்கிப் பெருக்கி இரும்பு தேயப்போகுது" என்றார் நாயகம்.

திங்கட்கிழமை அவர் என்னை விமான நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டார். ரெஜினா வேலைக்குப் போயிருந்தாள். வாசலில் ஓர் அதிகாரி பிரெஞ்சில் ஏதோ கேட்டபோது தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் எனக்குத் தலைவலி என்று நினைத்து ஒரு நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். நாயகத்தின் கைபேசி அடித்தது. ஓம், ஓம் என்று கேட்டுவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் என்னிடம் நீட்டினார். பின்னணியில் பிள்ளைகள் கூட்டமாகக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணை, கிடைச்சிட்டுது. செப்டெம்பரில இருந்து வரச் சொல்லிட்டா. சின்னப் பிள்ளையளின்ர வகுப்பு. அழுதாலும் பாட்டை நிப்பாட்டாத ஆள்தான் வேணுமாம்."

நான் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன்.

"பேந்து இன்னொண்டு. லாப்ளாந்த் சொனாட்டாவை அச்சடிக்கப் போறாராம். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்திட்டன், கேக்கிறாரில்லை. அந்தப் பகுதி திரும்ப வாற இடத்தில 'மெட்ராஸ் வழக்கம்' எண்டு கீழ குறிப்புப் போடப்போறாராம். கேக்குதோ?"

கேட்டது. மார்வெனைக் கடைசியில் உலகம் ஞாபகம் வைத்துக்கொள்ளப் போகிறது, என் தலையையும் சேர்த்து. ஏதாவது சொல்லத்தான் நினைத்தேன்.

"அண்ணை? லைனில நிக்கிறியளோ? என்ன செய்யிறியள்?"

பக்கத்திலிருந்த நாயகம் கைபேசிக்குள் குனிந்து சொன்னார்: "தலையாட்டுறார்."

"ஐயோ, நிப்பாட்டச் சொல்லுங்கோ" என்றாள் ரெஜினா. "பேந்து நான் திரும்ப முதலில இருந்து வாசிக்க வேண்டி வரும்."